கதவோரத்துச் சீட்டு

எங்கள் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவர், காற்றுக் குழாயைக் கையில் எடுக்கும்போதே, "எவ்வளவு வைக்கட்டும் சார்?" என்று கேட்பது வழக்கம், நானும், எங்கே யாரிடம் கற்றேன் என்பது எனக்கே நினைவில்லாத ஓர் எண்ணை, "முப்பது வையுங்கள்" என்று பல வருஷங்களாகச் சொல்லி வந்தேன். சென்ற தை மாதத்தில் ஒரு நாள் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து, சட்டைப் பையிலிருந்த மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கதவுத் தூணில் ஒட்டியிருந்த சிறு சீட்டை விரலால் தடவி வாசித்துவிட்டு, "கம்பெனிக்காரன் முப்பத்துமூணுன்னு போட்டிருக்கான் சார், சும்மாவா போட்டிருப்பான்?" என்றார்.

சும்மா போடவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் எதைக் கொண்டு போட்டான் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலோடு புறப்பட்ட நான், இரண்டு பெருந்தொழில்கள் ஒன்றையொன்று நம்பியும் நம்பாமலும், சிநேகம் கொண்டும் சம்பந்தம் செய்தும், கடைசியில் ஊரறியச் சண்டையிட்டும் கழித்த ஒரு நூற்றாண்டின் சரித்திரத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். அந்தச் சீட்டில் இருப்பவை சில எண்களே: டயரின் அளவு, வண்டி தாங்கக்கூடிய பாரம், ஏறக்கூடிய ஆட்களின் தொகை, ஓடிச் சூடேறுவதற்கு முன் சக்கரங்களில் இருக்கவேண்டிய காற்றின் அழுத்தம். அவற்றுள் கடைசியாகச் சொன்னதே மற்றெல்லாவற்றுக்கும் ஆதாரம். ஒரு மோட்டார் வண்டி முழுவதும், சக்கரத்துக்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலமுள்ள நான்கு இடங்களில்தான் பூமியைத் தொடுகிறது. அந்த இடங்களில் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் ரப்பர் அன்று, ரப்பருக்குள் அடைபட்ட காற்று. ஆகையால் 'இந்த டயர் இவ்வளவு சுமக்கும்' என்று தனியே சொல்வதில் பொருளில்லை. 'இவ்வளவு காற்று இருந்தால் இவ்வளவு சுமக்கும்' என்றுதான் சொல்ல முடியும். டயரின் சுபாவத்தை அறிந்தவன் டயர் செய்கிறவன். வண்டியின் சுபாவத்தை அறிந்தவன் வண்டி செய்கிறவன். இருவரில் அந்த எண்ணைச் சொல்லவேண்டியவன் யார் என்ற கேள்வி, தொழில் பிறந்த நாளிலேயே பிறந்துவிட்டது.

காற்றடைத்த சக்கரத்தை முதன்முதலில் கருதியவர் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1845-இல் அவர் அதற்குப் பேட்டண்ட் வாங்கியபோது மோட்டார் வண்டி என்பதே கிடையாது. குதிரை வண்டிகளுக்கு அவ்வளவு சொகுசு வேண்டும் என்று யாரும் கருதாததால் அந்த யோசனை உறங்கிப்போயிற்று. நாற்பது வருஷங்களுக்கு மேல் கழிந்த பிறகு, பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கல்பாவிய வீதியில் குலுங்குவதைக் கண்டு, தாம்ஸனைப் பற்றிய அறிவில்லாமலே அதே யோசனைக்கு வந்து, 1888-இல் பேட்டண்ட் பெற்றார். ஆனால் சைக்கிளைத் தாங்கிய காற்று, டன் கணக்கில் கனக்கும் மோட்டாரையும் தாங்கும் என்று வண்டி செய்தவர்கள் நம்பவில்லை. பிரான்ஸில் கிளெர்மோன் பெரான் நகரத்து மிஷ்லேன் சகோதரர்கள், ஆந்த்ரேயும் எத்வாரும், 1895-ஆம் வருஷத்துப் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் காற்றடைத்த டயர்களைப் பூட்டிப் பார்க்க வண்டிக்காரர்களை நாடியபோது ஒருவரும் முன்வரவில்லை. ஆகவே அவர்களே 'எக்ளேர்' என்ற ஒரு வண்டியை அமைத்து, வழியெல்லாம் பஞ்சர் ஒட்டிக்கொண்டே ஓட்டினார்கள். பரிசு கிடைக்கவில்லை; ஆனால் சில வருஷங்களுக்குள் கெட்டி ரப்பர் பூட்டிய மோட்டார்கள் பந்தயங்களிலிருந்து மறைந்துபோயின. இன்று உணவு விடுதிகளுக்கு நட்சத்திரம் வழங்குவதால் உலகம் அறிந்த மிஷ்லேன் கையேடு, 1900-இல் முதன்முதலாக வெளிவந்தபோது, டயரைக் கழற்றுவது எப்படி, மாட்டுவது எப்படி, பேணுவது எப்படி என்று மோட்டார்க்காரனுக்குப் போதிக்கும் இலவச நூலாகவே வந்தது. டயரைப் பற்றி வண்டி வைத்திருப்பவனுக்குச் சொல்லும் பொறுப்பு அந்நாளில் டயர்க்காரனிடமே இருந்தது.

இந்த இடத்தில், நாம் தினந்தோறும் வழங்கும் ஒரு சொல்லின் பிறப்பையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்ப கால மோட்டார் வண்டிகள் உபரிச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்டன. வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில் ஸ்டெப்னி வீதியில் இருந்த டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துப் பிணைத்து ஓட்டும்படியான ஒரு மாற்று வளையத்தை 1904-இல் செய்து, அந்த வீதியின் பெயரையே அதற்கு வைத்து விற்றார்கள். அந்தச் சரக்கு எப்போதோ மறைந்தது; இங்கிலீஷ்காரர்களுக்கும் அந்தச் சொல் மறந்துபோயிற்று; நம் ஊர் லாரி ஓட்டுகிறவரோ இன்றைக்கும் 'ஸ்டெப்னி' என்றே சொல்லி, கண்ணால் காணாத ஒரு வேல்ஸ் வீதியை நெடுஞ்சாலையெல்லாம் உடன் கொண்டு போகிறார்.

வண்டி செய்கிறவன் டயரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்துக்கு உண்மையான தொடக்கம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. டெட்ராய்ட் நகரில் குதிரை வண்டிகள் விற்றுக்கொண்டிருந்த ஹார்வி பையர்ஸ்டோன், ரப்பர் வளையம் பூட்டிய வண்டியின் சுகத்தைக் கண்டு அந்தத் தொழிலில் இறங்கி, 1900-இல் ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில் தம் பெயரால் ஒரு ஸ்தாபனத்தை நிறுவினார். அக்காலத்தில் பரவலாக இருந்தது 'கிளிஞ்சர்' என்ற வகை டயர். அதன் விளிம்பு கொக்கிபோல் வளைந்து சக்கரத்தின் வளைந்த விளிம்பில் பற்றிக்கொள்ளும். அதன் பேட்டண்டைக் கையில் வைத்திருந்த சங்கத்தார் பையர்ஸ்டோனுக்கு அநுமதி கொடுக்க மறுத்தார்கள். எனவே அவர் நேர்விளிம்புள்ள வேறொரு வகையைச் செய்து, அப்போதுதான் மலிவு விலையில் வண்டிகளைப் பெருக்கத் தொடங்கியிருந்த ஹென்றி போர்டிடம் கொண்டுபோனார். 1906-இல் போர்டு 2,000 வண்டிகளுக்குரிய டயர்களுக்கு ஆர்டர் கொடுத்தார். அதுவரை டயர்த் தொழில் அவ்வளவு பெரிய ஆர்டரைக் கண்டதில்லை.

அந்த ஆர்டருக்குப் பின் எழுந்த சிக்கல்தான், என் அபிப்பிராயத்தில், இந்தச் சரித்திரத்தின் முதற் பாடம். நேர்விளிம்பு டயர் நல்லதாக இருக்கலாம்; ஆனால் அதற்கென்று வேறு விதமான சக்கரம் வேண்டும்; அந்தச் சக்கரத்தோடு வண்டியை வாங்கிக்கொண்டு எங்கோ ஒரு சிற்றூருக்குப் போன குடியானவனுக்கு டயர் கிழிந்தால், அவ்வூர்க் கடையில் கிடைப்பது கிளிஞ்சர் ஒன்றுதான். விற்ற பிறகும் வண்டி ஓடவேண்டும் என்பதை உணர்ந்த போர்டு கிளிஞ்சரையே வேண்டும் என்றார். பையர்ஸ்டோனும், அநுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆகட்டும் என்று துணிந்து, அதையே செய்து கொடுத்தார். டயரின் தரத்துக்கு முன்னால், அது நாடெங்கும் கிடைக்குமா என்ற கேள்வி நிற்கிறது. அளவுகளை எல்லாரும் ஒப்புக்கொண்டு அட்டவணையாக வகுக்கும் சங்கங்கள் பிறந்ததும் இதனாலேதான். அமெரிக்காவில் 1903-இலேயே தொடங்கிய டயர், ரிம் சங்கமும், ஐரோப்பாவில் 1964-இல் எழுந்த அதன் இணையும், ஒவ்வோர் அளவுக்கும் இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு பாரம் என்று நிர்ணயித்த அட்டவணைகளை வெளியிட்டு வருகின்றன; வண்டி வரைகிறவன் முதன்முதலில் புரட்டும் புத்தகம் அதுவே.

1908-இல் வந்த போர்டின் 'மாடல் டி' வண்டிக்கு முன்னால் 30-க்கு 3 அங்குல டயரும், பின்னால் 30-க்கு 3½ அங்குல டயரும் பூட்டப்பட்டன. பாரம் பின்னால் அதிகம் என்பதால் பின் டயர் தடிமன். முன்னால் அந்தத் தடிமன் வேண்டாம், வேண்டாததற்குப் பணம் செலவிடக்கூடாது என்பது போர்டின் சித்தாந்தம். ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்து முடித்த அந்த மாடலின் சக்கரங்களுக்கு, ஏராளமான ரப்பர் தேவைப்பட்டது. அந்த ரப்பர் எங்கிருந்து போயிற்று என்பதை ஒரு தமிழ் வாசகனுக்கு நான் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மலாயாவிலும் இலங்கையிலும் பால்மரக் காடுகளில், விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் நடந்து பட்டையைச் சீவிப் பால் வடித்தவர்களில் மிகப் பலர், தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் கங்காணிகள் கப்பலேற்றிக் கொண்டுபோன நம் ஜனங்கள். ரப்பர் விலை சரிந்தபோது பிரிட்டிஷ் சர்க்கார் 1922-இல் மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டிற்று. அந்தத் திட்டம் 1928 வரையில் நீடித்தது. விலையேற்றத்தைக் கண்டு கொதித்த பையர்ஸ்டோன், மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கர் நிலத்தை 99 வருஷக் குத்தகைக்கு 1926-இல் எடுத்தார். போர்டோ பிரேஸில் காட்டுக்குள், தபஜோஸ் நதிக்கரையில், 'போர்ட்லாந்தியா' என்று ஒரு நகரத்தையே அமைக்கப் புகுந்து, மரநோயால் தோற்றார். டயரைத் தேர்ந்தெடுப்பது என்ற காரியம், ஒரு மேஜைமேல் முடியும் காரியமாக ஒருநாளும் இருந்ததில்லை. அதன் வேர் எந்தக் காட்டில், யாருடைய கைகளில் இருந்தது என்பதை டெட்ராய்ட் நினைத்துப் பார்த்ததற்கு அடையாளம் அதிகமில்லை.

போர்டுக்கும் பையர்ஸ்டோனுக்கும் இருந்த பந்தம், வியாபார எல்லையைத் தாண்டியது. விஞ்ஞானி எடிஸனையும் இயற்கை எழுத்தாளர் ஜான் பர்ரோஸையும் சேர்த்துக்கொண்டு, 1915 முதல் 1924 வரையில் கோடை நாட்களில் மோட்டார்களில் புறப்பட்டுக் காடுகளில் கூடாரமடித்துத் தங்கினார்கள். ஒரு வருஷம் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கும் அவர்களோடு வந்து தங்கினார். 1947-இல் போர்டின் பேரன் வில்லியம் கிளே போர்டு, பையர்ஸ்டோனின் பேத்தி மார்த்தாவை மணந்தார். வண்டியும் டயரும் சம்பந்திகளாயின. அந்தச் சிநேகத்தின் பயனாகவே போலும், பல பத்து வருஷங்களுக்குப் போர்டு வண்டி என்றால் பையர்ஸ்டோன் டயர் என்பது, ஆராயாமல் ஏற்கப்பட்ட மரபாக இருந்தது.

இதற்கிடையே 1923-இல் பையர்ஸ்டோன் ஸ்தாபனம் 'பலூன்' டயரைக் கொண்டுவந்தது. முன்னிருந்த ஒல்லி டயர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அளவில் காற்றடிக்க வேண்டியிருந்தது. உப்பிய புதிய டயர் ஏறக்குறையப் பாதிக் காற்றிலேயே வண்டியைத் தாங்கிற்று. பிரயாணம் மெத்தென்று ஆயிற்று. ஆனால் டயர் மாறியதும் வண்டியும் மாறவேண்டியிருந்தது. அகன்ற டயரால் திசைதிருப்பும் சக்கரம் கனத்தது. குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் நடுக்கம் கண்டவைபோல் ஆடின. அந்த ஆட்டத்தை அடக்கும் முயற்சி, முன் அச்சின் அமைப்பையே மாற்றுவதில் போய் முடிந்தது. டயர் என்பது வண்டியில் கடைசியாக மாட்டும் உறுப்பு அன்று, வண்டியை வரையும்போதே வரையப்படவேண்டிய உறுப்பு என்பதை அந்த நடுக்கம் போதித்தது. போதித்ததைக் கேட்டுக்கொண்டவர்கள் அமெரிக்கர்கள் அல்லர், பிரெஞ்சுக்காரர்கள்.

அதற்குக் காரணம் ஒரு கடன். ஆந்த்ரே சித்ரோவன், முன்சக்கரங்களால் இழுக்கப்படும் புதுவகை வண்டியை உருவாக்குவதில் அளவுக்கு மீறிச் செலவிட்டு 1934-இல் திவாலானபோது, அவருக்கு அதிகக் கடன் கொடுத்திருந்த மிஷ்லேன், வண்டிக் கம்பெனியைத் தன் வசப்படுத்திக்கொண்டது. டயர்க்காரன் வண்டிக்காரனுக்கு எஜமானன் ஆன அபூர்வமான நிகழ்ச்சி அது. அதே மிஷ்லேனில், அச்சுக்கூடத்து வேலைக்கென்று சேர்ந்த மாரியுஸ் மின்யோல் என்பவர், டயர் ஏன் சூடேறுகிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். நம் லாரிக்காரர்கள் 'நைலான் டயர்' என்று சொல்லும் பழைய வகையில், நூல்கள் நாடாக் கட்டிலின் பின்னலைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே படுத்திருக்கும். சக்கரம் சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று உராய்ந்து வெப்பத்தைப் பெருக்கும். மின்யோல், சோதனைக்காகப் பக்கச் சுவரின் குறுக்குப் பின்னலை எடுத்துவிட்டு, விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் கம்பிகளை, கூண்டு வண்டியின் வளைகம்புகளைப் போல இடைவெளி விட்டு அமைத்தார். பார்த்தவர்கள் அதை ஈக்கூண்டு என்றார்கள். கூண்டு சூடேறவில்லை. அந்த வளைகம்புகளின்மேல், மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அறைவதுபோல், எஃகுக் கம்பிப் பட்டைகளைச் சுற்றி, அதன்மேல் ரப்பரைப் பதித்தபோது ரேடியல் டயர் பிறந்தது. 1946-ஆம் வருஷம் ஜூன் 4-ஆம் தேதி பேட்டண்டுக்கு விண்ணப்பித்தார்கள். 1949-இல் 'எக்ஸ்' என்ற பெயரோடு அது கடைக்கு வந்தது.

ரேடியல் டயர் முன்னதைவிட நெடுநாள் உழைத்தது, வளைவுகளில் தரையை விடாமல் பற்றிற்று, எரிபொருளையும் மிச்சப்படுத்திற்று. ஆனால் பழைய வண்டியில் மாட்டினால், மெதுவாகப் போகும்போது கட்டை வண்டிபோல் அதிர்ந்தது. இந்தக் குறையை வைத்து டயரைத் தள்ளிவிடாமல், டயருக்கு ஏற்ற வண்டியைச் செய்யும் சுதந்திரம் சித்ரோவனுக்கு இருந்தது. 1955-ஆம் வருஷம் அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் 'டி.எஸ்.' என்ற வண்டியைத் திறந்து வைத்த முதல் நாளிலேயே 12,000 பேர் ஆர்டர் கொடுத்தார்கள். அதன் உருவத்தைப் பற்றியும், எண்ணெயும் வாயுவும் கொண்டு அது மிதந்ததைப் பற்றியும் எழுதியவர்கள் அநேகர். அதன் சக்கரங்களைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. முன்னால் 165-400, பின்னால் 155-400 என்ற அளவுள்ள மிஷ்லேன் 'எக்ஸ்' டயர்கள். முன்னிரு சக்கரங்களுக்கு இடையே இருந்த அகலம் பின்னதைவிட 20 சென்டிமீட்டர் அதிகம். எஞ்சினும் இழுவையும் திசைதிருப்பலும் எல்லாம் முன்னால் இருப்பதால், முன்னால் பெரிய டயர். மாடல் டியில் பின்னால் தடிமனாக இருந்த டயர், இங்கே காரண காரியத்தோடு முன்னால் தடித்தது. வண்டியும் டயரும் ஒரே கருவில் வளர்ந்த இரட்டைப் பிள்ளைகளாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் கண்டதில்லை.

அமெரிக்காவில் ரேடியலை வரவேற்க இருபது வருஷங்களுக்கு மேல் யாரும் விரும்பவில்லை. டெட்ராய்ட் வண்டிகள் பஞ்சு மெத்தை போன்ற சொகுசுக்குப் பழகியவை. அவற்றுக்கு ரேடியலைப் பூட்டினால் கீழமைப்பை முழுதும் திருத்த வேண்டும். ஆக்ரன் நகரத்து டயர்க்காரர்களுக்கோ, இருக்கும் யந்திரங்களைக் கழித்துவிட்டுப் புதியவற்றை வாங்க வேண்டும். அதற்கு மேல், இருமடங்கு உழைக்கும் டயரை விற்றால் விற்பனை பாதியாகுமே என்ற கவலை. 1967 வாக்கில் பழைய பின்னலின்மேல் ஒரு பட்டையைச் சுற்றிய இடைவழி டயர் ஒன்றைச் செய்து காலம் கடத்தப் பார்த்தார்கள். 1970-இல் போர்டின் 'லிங்கன் மார்க் 3' வண்டிக்கு மிஷ்லேன் ரேடியல்கள் ஆலையிலேயே பூட்டப்பட்டபோது அணை உடைந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது வெள்ளம் புகுந்தது. அவசரத்தில் ரேடியலுக்கு மாறிய பையர்ஸ்டோன் ஸ்தாபனத்தின் '500' டயர்களில் எஃகுப் பட்டை ரப்பரை விட்டுப் பிரிந்து விபத்துகள் நேர்ந்து, 1978-இல், அந்நாட்டில் அதுவரை கண்டிராத அளவில் டயர்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தது. நிமிர முடியாமல் தளர்ந்த அந்த ஸ்தாபனத்தை 1988-இல் ஜப்பானிய பிரிட்ஜ்ஸ்டோன் விலைக்கு வாங்கிற்று.

பெரியவர் வாசித்த சீட்டின் மூதாதை பிறந்தது இந்தக் குழப்பங்களின் நடுவில். சாலைகளில் மாண்டவர்களின் தொகை பெருகியதால் 1966-இல் அமெரிக்கக் காங்கிரஸ் மோட்டார் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அதன்கீழ் 1968-இல் அமலுக்கு வந்த 110-ஆம் விதி, ஒவ்வொரு காரிலும் டயரின் அளவையும், பாரத்தின் வரம்பையும், குளிர்ந்த காற்றின் அழுத்தத்தையும் குறித்த ஒரு சீட்டு நிலையாக ஒட்டப்பட வேண்டும் என்றது. அந்த எண்ணைச் சொல்லும் கடமை அன்று முதல் சட்டப்படி வண்டி செய்கிறவனுடையது ஆயிற்று. டயரின் பக்கச் சுவரிலும் ஓர் அழுத்தம் அச்சிட்டிருக்கும். பலர் அதுவே அடிக்கவேண்டிய காற்று என்று மயங்குகிறார்கள். அது அந்த டயருக்கு உரிய உச்ச வரம்பு. எந்த வண்டியில் தான் மாட்டப்படும் என்பதை அறியாத டயர் வேறெதைச் சொல்ல முடியும்?

வண்டி செய்கிறவன் அந்த எண்ணை எப்படி அடைகிறான்? முதலில் ஒவ்வோர் அச்சிலும் விழக்கூடிய மிகுந்த பாரத்தைக் கணக்கிடுகிறான். டயரின் மேல் '91' என்று இருந்தால் அது 615 கிலோ சுமக்கும், '82' என்றால் 475 கிலோ. அதன் பக்கத்தில் 'டி' என்ற எழுத்து இருந்தால் மணிக்கு 190 கிலோமீட்டர், 'எச்' என்றால் 210 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கும். இது வெறும் கணக்கு. ஒரு நாளில் முடிந்துவிடும். கடினமானது அதற்குப் பிறகு வருகிறது. ஈரத்தில் பற்றவேண்டும் என்று ரப்பரை மிருதுவாக்கினால் சீக்கிரம் தேய்கிறது. தேயாமல் கெட்டியாக்கினால் ஈரத்தில் வழுக்குகிறது. எரிபொருளை மிச்சப்படுத்தும் பொருட்டு உருளும் தடையைக் குறைத்தால் அவ்விரண்டில் ஒன்று கெடுகிறது. இந்தப் பிணக்கை ஓரளவு தீர்த்தது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கரித்தூளுக்குப் பதிலாக ரப்பரில் சிலிக்காவைக் கலந்த முறை. சொகுசு, சத்தம், திருப்பத்தில் கைக்கு வரும் உணர்வு என்று இன்னும் பல உண்டு. அவற்றில் சிலவற்றை எந்தக் கருவியும் அளக்க முடியாது. ஆகவே வண்டி கடைக்கு வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே, டயர்க்காரர்கள் மாதிரிகளைக் கொண்டுவந்து, தேர்ந்த ஓட்டுநர்களின் கையில் கொடுத்து, அவர்கள் போடும் மதிப்பெண்ணுக்காகக் காத்து, திருத்தி, மறுபடியும் கொண்டுவருகிறார்கள். அப்படித் தேறிய டயருக்கு வண்டிக்காரனின் முத்திரை கிடைக்கிறது: பி.எம்.டபிள்யூ. நட்சத்திரக் குறி, மெர்ஸிடஸின் 'எம்.ஓ.', போர்ஷேயின் 'என்'. கடையில் அதே பெயரும் அதே அளவும் கொண்ட இன்னொரு டயர், அந்தக் குறி இல்லாமல் இருந்தால், உள்ளே வேறு கலவையாகவும் இருக்கக்கூடும்.

இந்தத் தேர்வில் விலையும் ஒரு நீதிபதியாக அமர்ந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வண்டியோடு போகும் முதல் நான்கு டயர்களில் டயர்க்காரனுக்குக் கிடைப்பது சொற்பம். அவை தேய்ந்தபின், 'கம்பெனி கொடுத்ததையே மாட்டு' என்று வண்டி வைத்திருப்பவர் கேட்டு வருவாரென்ற நம்பிக்கையில் அவன் குறைந்த விலைக்குச் சம்மதிக்கிறான். அதனால் பெரிய வண்டிக் கம்பெனியின் சொல்லை எதிர்த்துப் பேசுவது டயர்க்காரனுக்கு எளிதன்று. அவன் பேசவேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தால் என்ன நேரும் என்பதற்குச் சரித்திரம் வைத்திருக்கும் சாட்சிதான் 'எக்ஸ்ப்ளோரர்'.

போர்டு கம்பெனி 1990-இல் வெளியிட்ட அந்த உயரமான வண்டி, குடும்பங்களின் அன்பைப் பெற்று அமெரிக்கச் சாலைகளில் நிரம்பிற்று. அது வெளிவருவதற்கு முந்திய பரீட்சைகளில், கடுமையாகத் திருப்பும்போது அதன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. பின்னர் வழக்குகளில் வெளிப்பட்ட ஆவணங்களின்படி, அதற்கு எஞ்சினியர்கள் யோசித்த பரிகாரங்கள் நான்கு: சக்கரங்களின் இடையகலத்தைக் கூட்டுவது, எஞ்சினைத் தாழ்த்துவது, வில்லைக் கெட்டிப்படுத்துவது, டயரின் காற்றைக் குறைப்பது. முதலிரண்டும் வண்டியை மீண்டும் வரையச் செய்யும். செலவும் தாமதமும் உண்டாகும். பின்னிரண்டும் மேற்கொள்ளப்பட்டன. சீட்டில் 26 பவுண்டு என்று அச்சாயிற்று. அந்த வண்டிக்குப் பூட்டிய பையர்ஸ்டோன் டயரின் பக்கச் சுவரில் பொறித்திருந்த உச்ச வரம்பு 35. 26 என்பது அட்டவணைக்கு உட்பட்ட எண்தான். டயர்க் கம்பெனியும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதன்கீழ் இடம் அதிகமில்லை. காற்று மாதந்தோறும் சிறிது தானே கசியும் பொருள். முப்பதில் தொடங்கியவன் கவனக்குறைவால் 26-க்கு வருவான். 26-இல் தொடங்கியவன் எங்கே போய் நிற்பான்? காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் சுற்றுக்குச் சுற்று அதிகமாக மடங்கி நிமிர்கிறது, மடங்குவது சூடாகிறது, டெக்ஸஸிலும் அரிஸோனாவிலும் பிளாரிடாவிலும் கோடைத் தார்ச்சாலையில், குடும்பமும் சாமான்களுமாக, முழு வேகத்தில் ஓடும்போது, இரண்டு எஃகுப் பட்டைகளுக்கு நடுவே ரப்பர் விட்டுக்கொடுத்து, மேற்பட்டை உரிந்து பறந்தது. உயரமான வண்டி கவிழ்ந்தது.

2000-ஆம் வருஷம் ஆகஸ்ட் 9-ஆம் தேதி 65 லட்சம் டயர்களைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பையர்ஸ்டோன் அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் இறந்தவர்கள் 271 பேர் என்று சர்க்கார் கணக்கிட்டது. குறை டயரில் என்றது வண்டிக்காரன். இதே வண்டியில், இதே 26 பவுண்டில், வேறு கம்பெனி டயர்கள் உரியவில்லையே என்று ஆதாரமும் காட்டினான். குறை வண்டியிலும் காற்றின் அளவிலும் என்றது டயர்க்காரன்; டயர் உரிந்தால் வண்டி ஏன் கவிழவேண்டும் என்று கேட்டான். சர்க்காரின் ஆராய்ச்சி டயரின் அமைப்பில், பட்டைகளின் ஓரத்தில் வைக்கும் ரப்பர் ஆப்பில், குறை கண்டது. வண்டியின் மீது தனி விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையை நிராகரித்தது. அந்தத் தீர்ப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும், பலமில்லாத டயரும், இடங்கொடுக்காத ஓர் எண்ணும், உயர்ந்து குறுகிய ஒரு வண்டியும் தனித்தனியே பரீட்சையில் தேறி, ஒன்றுகூடிய இடத்தில் மனிதர் மாண்டார்கள் என்பதே என் மனத்தில் நிற்கிறது. அந்தக் கூட்டைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லும் கடமை தன்னுடையது என்று இருவரில் ஒருவரும் கருதவில்லை.

2001-ஆம் வருஷம் மே 21-ஆம் தேதி, பையர்ஸ்டோனின் தலைவர் போர்டுக்குக் கடிதம் எழுதி, இனி உங்களுக்கு டயர் கொடுப்பதில்லை என்று அறிவித்தார். மறுநாள் போர்டு, மீதமிருந்த 1 கோடியே 30 லட்சம் டயர்களைத் தன் செலவில் மாற்றுவதாகச் சொல்லிற்று. 1906-இல் 2,000 வண்டிகளுக்கு டயர் கொடுத்ததில் தொடங்கிய பந்தம் தொண்ணூற்றைந்தாம் வருஷத்தில் அறுந்தது. அப்போது போர்டு கம்பெனியின் சபைத் தலைவராக இருந்தவர் வில்லியம் கிளே போர்டு ஜூனியர். 1947-ஆம் வருஷத்துத் திருமணத்தின் புதல்வர். ஹென்றி போர்டுக்கும் கொள்ளுப்பேரன், ஹார்வி பையர்ஸ்டோனுக்கும் கொள்ளுப்பேரன்.

அந்த மரணங்களின் பயனாக 2000-ஆம் வருஷம் நவம்பரில் புதிய சட்டம் வந்தது. சீட்டு இன்ன இடத்தில், ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவுத் தூணில், இன்ன வடிவத்தில் இருக்கவேண்டும் என்பதும், சீட்டிலுள்ள அளவுக்குக் கால் பங்கு காற்றுக் குறைந்தால் ஓட்டுகிறவர் கண்ணெதிரே விளக்கு எரியவேண்டும் என்பதும் அதன் வழியே விதிகளாயின. எக்ஸ்ப்ளோரரின் சீட்டில் 26 என்பது மாறி 30 ஆயிற்று. 2002-ஆம் வருஷத்து மாடலாக வெளிவந்த புதிய எக்ஸ்ப்ளோரரை அளந்து பார்த்தவர்கள், அது பழையதைவிட இரண்டரை அங்குலம் அகலமாக இருப்பதைக் கண்டார்கள்.